நல்ல செய்தி எழுதுவதே வேலையாகி 14 ஆண்டுகள்: கேளுங்கள், பேசுவோம்

விடிவெள்ளி (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். நான்கைந்து ஆண்டுகளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சென்ற வாரம் வேறொரு இழையில், நல்ல செய்தி எழுதுகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள், அதெல்லாம் ஒரு வேலையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் என் வேலை. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

இந்த வேலைக்கு வரும் முன்பு ஒரு நாளிதழில் 9 ஆண்டுகள் குற்றம், விபத்துச் செய்திகள் பார்த்தேன். காலையில் முதல் போன் காவல் நிலையத்துக்கு, அடுத்தது பிணவறைக்கு. எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொண்டு நான்கு வரியில் செய்தியாக்க வேண்டும். அந்த வேலையை நான் வெறுக்கவில்லை. ஓர் ஆபத்தான வளைவில் வேகத்தடை வந்ததற்கு என் செய்தியும் ஒரு காரணம்.

ஒருநாள் இரவு பேருந்தும் காரும் மோதிக்கொண்டன. இருவர் இறந்தார்கள், ஒரு சிறுவனுக்குப் படுகாயம். வழக்கம்போல் நான்கு வரி. மூன்று வாரம் கழித்து வழக்கு விவரம் கேட்கப் போனபோது ஒரு காவலர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்த வழியாக நடந்து போன ஒரு பெண்மணி, தோளில் கிடந்த துணியைச் சுருட்டிச் சிறுவனின் தொடைக் காயத்தில் அழுத்திப் பிடித்தபடி 40 நிமிடம் சாலையிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றியதும் எழுந்து போய்விட்டார். பெயர்கூட யாரும் கேட்கவில்லை. ரத்தம் நின்றதால்தான் பையன் பிழைத்தான் என்று மருத்துவர் சொன்னாராம்.

என் நான்கு வரியில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் நடந்ததில் பாதி அதில் இல்லை. அந்தப் பெண்மணியைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. அந்த வாரம் 31 பேர் கடிதம் எழுதினார்கள். பாராட்டி வந்தவை குறைவு. காயத்தை எப்படி அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருந்தார்கள். என் விபத்துச் செய்தி எதற்கும் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பிரிவை விட்டு வந்தேன். அன்றிலிருந்து இதுதான் வேலை. எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

முதலாண்டு (பதிவு 2)

அக்கா, நான் இதழியல் முதலாண்டு மாணவன். எங்கள் வகுப்பில் இப்படி ஒரு கட்டுரை கொடுத்தேன். "இது நன்றாக இருக்கிறது, ஆனால் செய்தி இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எது செய்தி என்று யார் முடிவு செய்தது? நீங்கள் தொடங்கியபோது முன்மாதிரி என்று யாராவது இருந்தார்களா?

விடிவெள்ளி (பதிவு 3)

தம்பி, உன் முதல் கேள்விக்குப் பதில் 1965-இல் இருக்கிறது. யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நார்வே நாளிதழ்களை எடுத்துக்கொண்டு, காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் அவற்றில் எப்படி வந்தன என்று பார்த்தார்கள். ஒரு நிகழ்வு செய்தியாவதற்குக் காரணமான 12 கூறுகளைச் சொன்னார்கள். கெட்டதாக இருப்பது அவற்றில் ஒன்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. நிகழ்வின் கால அளவு பத்திரிகையின் கால அளவோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். பாலம் ஒரே நாளில் இடிந்துவிடும், நாளிதழும் நாளுக்கு ஒருமுறை வருகிறது, இரண்டும் பொருந்திவிடுகின்றன. ஆனால் ஒரு நோய் 40 ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்துகொண்டிருந்தால் அது எந்த நாளின் செய்தி?

கினிப்புழு நோயை எடுத்துக்கொள். நரம்புச் சிலந்தி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அசுத்தமான நீரைக் குடிப்பதால் உடலுக்குள் புழு வளர்ந்து, ஓராண்டு கழித்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 1986-இல் 21 நாடுகளில் சுமார் 35 லட்சம் பேருக்கு இது இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2023-இல் உலகம் முழுவதற்கும் சேர்த்து 14 பேர். இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லி, கண்காணித்து, புழு வெளிவரும் காலோடு யாரும் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் சாதித்தது இது. இதில் "நேற்று நடந்தது" என்று சொல்ல எந்த நாளும் இல்லை. அதனால்தான் முதல் பக்கத்தில் இல்லை.

முன்மாதிரிகள் இருந்தார்கள். மூன்று பேரைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சார்லஸ் குரால்ட். சிபிஎஸ் தொலைக்காட்சியில் போர்ச் செய்திகள் தந்தவர். 1967-இல், வியட்நாம் போரும் நகரக் கலவரங்களும் திரையை நிறைத்திருந்தபோது, ஒரு வேனில் ஏறிச் சிறு ஊர்களுக்குப் போய்ச் சாதாரண மனிதர்களைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டார். மூன்று மாதச் சோதனை என்று அனுமதித்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியது.

பிரிட்டனில் ஷானா கிராக்கெட்-பரோஸ். 1993-இல் 'பாசிட்டிவ் நியூஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, 2012-இல் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தார்.

அப்புறம் கெரி வைஸ்-கார்ப்லி. வாஷிங்டனில் தொலைக்காட்சிச் செய்தியில் வேலை பார்த்தவர். 1997-இல், இணையம் பலருக்கு இன்னும் புதிதாக இருந்தபோது, 'குட் நியூஸ் நெட்வொர்க்' தளத்தைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது.

இவர்களில் இருவர் வழக்கமான செய்தித் தொழிலுக்குள் இருந்து வந்தவர்கள் என்பதைக் கவனி. துயரச் செய்தி தெரியாமல் அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தவர் மீது கோபப்படாதே. அதில் என்ன குறை என்று மறுபடி போய்க் கேள். பெரும்பாலும் "இதனால் என்ன மாறியது" என்ற கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. என் முதல் பத்துக் கட்டுரைகளிலும் அதுதான் குறை.

பழைய நிருபர் (பதிவு 4)

சகோதரிக்கு வணக்கம். 30 ஆண்டுகள் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் எழுத்தில் நேர்மை தெரிகிறது. அதனால் என் மறுப்பையும் மறைக்காமல் வைக்கிறேன்.

அமெரிக்காவில் பள்ளி உணவுக் கடன் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை பள்ளியில் சாப்பிட்டதற்குப் பெற்றோரால் பணம் கட்ட முடியாவிட்டால் அது பிள்ளையின் கணக்கில் கடனாக ஏறும். ஒரு சின்னப் பையன் தன் சேமிப்பை உடைத்தோ எதையாவது விற்றோ வகுப்பு நண்பர்களின் கடனை அடைத்தான் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. எல்லோரும் கண் கலங்கிப் பகிர்கிறார்கள். அந்தப் பையனின் மனம் உண்மை. ஆனால் சாப்பாட்டுக்காகக் குழந்தையின் பெயரில் எப்படிக் கடன் வந்தது என்ற கேள்வி அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என் தொழில் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்பைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டையைக் காட்ட வேண்டியவன், அதன்மேல் யாரோ கையை வைத்து மூடியிருப்பதை மட்டும் படம்பிடித்துக்கொண்டு வந்தால், ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.

இரவுப்பணி (பதிவு 5)

பழைய நிருபர் ஐயா சொல்வதை நானும் யோசித்திருக்கிறேன். "மூன்று நாள் தொடர்ந்து வேலை செய்த செவிலியர்" என்று எங்களைப் பாராட்டி எழுதுவார்கள். ஏன் மூன்று நாள், மற்றவர்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

விடிவெள்ளி (பதிவு 6)

ஐயா, மறுப்புக்கு நன்றி. நீங்கள் சொன்ன தவறை நான் செய்திருக்கிறேன்.

எழுத வந்த இரண்டாம் ஆண்டு. ஓர் அலுவலகத்தில் ஒருவரின் குழந்தைக்குப் புற்றுநோய். அவருடைய விடுப்பு தீர்ந்துவிட்டது. உடன் வேலை செய்தவர்கள் ஆளுக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று தங்கள் விடுப்பை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்படியே எழுதினேன். நிறைய பேர் வாசித்தார்கள். ஒரு வாசகர் மட்டும் ஒற்றை வரி அனுப்பியிருந்தார்: "அலுவலகம் ஏன் கொடுக்கவில்லை?"

அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டேன். விதி இல்லை என்றார்கள். நீண்ட சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் பெற்றோருக்கென்று தனி விடுப்பு எதுவும் அந்த நிறுவனத்தில் இல்லை. அதை இரண்டாவது கட்டுரையாக எழுதினேன். முதல் கட்டுரையை வாசித்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட அதை வாசிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டையும் ஒரே கட்டுரைக்குள் வைக்கிறேன்.

அதைத் தேடும்போதுதான் பிரான்ஸில் நடந்தது தெரிய வந்தது. அங்கே ஒரு தொழிலாளியின் மகனுக்குப் புற்றுநோய். உடன் பணியாற்றியவர்கள் சேர்ந்து 170 நாள் விடுப்பை அவருக்குத் தந்தார்கள். மகனோடு கடைசிவரை இருந்தார். மகன் போன பிறகு அந்தத் தந்தை சும்மா இருக்கவில்லை. தனக்குக் கிடைத்தது எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும் என்று உழைத்தார். கடுமையாக நோயுற்ற குழந்தையின் பெற்றோருக்கு உடன் பணியாற்றுபவர்கள் விடுப்பைக் கொடுக்கலாம் என்று 2014 மே மாதம் அங்கே சட்டமே வந்தது.

இதை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த 170 நாளைக் கொடுத்தவர்கள் யாரும் சட்டத்தை நினைத்துக் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்திருக்காவிட்டால், இப்படி ஒன்று முடியும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. நீங்கள் சொன்ன ஓட்டையின்மேல் இருந்த கை, ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்றும் காட்டியது. நிருபர் அந்தக் கையோடு நின்றுவிடக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்தான். கையை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் எழுதினாலும் பாதிதான் வருகிறது. அந்தத் தந்தை செய்ததுபோல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும் ஐயா. என் வேலை என்று நான் நினைப்பது அதைத்தான்.

அந்தச் சட்டத்திலும் குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது இன்னொருவரின் விடுப்பைத்தான் எடுத்துத் தருகிறது. கொடுக்க ஆள் இல்லாத சின்ன இடத்தில் வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? இதையும் எழுதினால்தான் கட்டுரை முழுமையாகும்.

பழைய நிருபர் (பதிவு 7)

170 நாள் விஷயம் நான் அறியாதது. யோசிக்கிறேன். பிறகு வருகிறேன்.

இரவுப்பணி (பதிவு 8)

தோழி, எனக்கு வேறொரு கவலை. நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒருமுறை ஒரு குழு வந்தது. படுக்கை படுக்கையாகப் பரிசுப் பை கொடுத்தார்கள். முன்னால் ஒருவர் கேமராவோடு நடந்தார். நல்ல மனிதர்கள்தான், பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் ஏழாவது படுக்கையில் இருந்த அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் நோயாளியாக இருப்பது உறவினர்களுக்கே தெரியாது. பையை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் போர்வையை விலக்க வெகுநேரம் ஆனது. பையைத் தொடவில்லை.

கொடுப்பவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். வாங்குகிறவரைப் பற்றி?

விடிவெள்ளி (பதிவு 9)

போர்வைக்குள் இருந்த அந்த அம்மாவைப் பற்றித்தான் இந்தத் துறையில் அதிகம் பேச வேண்டும்.

2022-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு வணிக வளாகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த வயதான பெண்மணியிடம் ஓர் இளைஞர் வந்து, கையிலிருந்த மலர்க்கொத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் பிடித்துக்கொண்டதும், இந்த நாள் இனிதாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் படம்பிடிக்கப்பட்டது. தனிமையில் வாடிய மூதாட்டிக்கு அன்பு என்பதுபோல் அது கோடிக்கணக்கானவர்களிடம் போனது. அவர் வானொலியில் வந்து சொன்னதைக் கேளுங்கள். தன் அமைதியைக் குலைத்துவிட்டார்கள், தன்னை ஒரு மனுஷியாகவே நடத்தவில்லை என்று உணர்ந்ததாகச் சொன்னார். வயதான பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் அவள் ஏங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். உதவி பெற்றவரிடம் முதலில் பேசுவேன், கொடுத்தவரிடம் அப்புறம்தான். கொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்க மாட்டேன், அப்போது யாராலும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எழுதியதை வெளியிடும் முன் அவருக்கு வாசித்துக் காட்டி இன்னொரு முறை கேட்பேன். நாளிதழில் இருந்தபோது வெளிவரும் முன் யாருக்கும் காட்டக் கூடாது என்று பழகியவள் நான். அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றிய செய்திக்கு அந்த விதி சரி. ஒருவரின் மிக மோசமான நாளைப் பற்றி எழுதும்போது அந்த விதிக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. குழந்தை என்றால் முகம் கிடையாது, பெயர் கிடையாது, பெற்றோர் சம்மதித்தாலும்கூட.

போன ஆண்டு முழுதாக எழுதி முடித்த 9 கட்டுரைகளை இப்படிக் கைவிட்டேன். அதில் ஒன்று நான் எழுதியதிலேயே நல்லது என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

கணக்கு டீச்சர் (பதிவு 10)

நல்ல இழை. எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

2023-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அப்வொர்த்தி என்ற தளம் ஒரே செய்திக்குப் பல தலைப்புகளை வைத்து வாசகர்களிடம் சோதித்துப் பார்த்திருந்தது. அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை ஆராய்ந்ததில், சராசரி நீளமுள்ள தலைப்பில் ஓர் எதிர்மறைச் சொல் கூடினால் சொடுக்குவோர் விகிதம் 2.3% கூடியதாம். நல்ல சொல் கூடினால் குறைந்தது. இத்தனைக்கும் அந்தத் தளம் மனதைத் தூக்கிவிடும் செய்திகளுக்குப் பெயர்போனது, அங்கே வருகிறவர்களே இப்படி.

அப்படியென்றால் உங்கள் பிழைப்பு எப்படி ஓடுகிறது? வேவு பார்க்கக் கேட்கவில்லை. என் மகளும் இதே துறைக்கு வர வேண்டும் என்கிறாள்.

விடிவெள்ளி (பதிவு 11)

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் குறிப்பிட்ட ஆய்வு சரிதான், எங்கள் தளத்திலும் அதைத்தான் பார்க்கிறோம். ஆபத்துக்கு முதலில் திரும்புவது மனித மனத்தின் இயல்பு. புதரில் அசைவது புலியா என்று பார்க்காதவன் பிழைத்திருக்க மாட்டான்.

சொடுக்கை நம்பி இந்த வேலை நிற்காது. வாசகரின் காசில் நின்றால்தான் உண்டு. நான் மேலே சொன்ன பாசிட்டிவ் நியூஸ், ஷானா போன பிறகு மூடிவிடுமோ என்ற நிலையில் இருந்தது. ஷான் டேகன் வுட் ஆசிரியராக இருந்தபோது, 2015-இல் வாசகர்களிடமே பங்கு விற்றார்கள். 33 நாடுகளிலிருந்து 1,500 பேருக்கு மேல் சேர்ந்து 2,60,000 பவுண்டுக்கு மேல் போட்டார்கள். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அடுத்த ஆண்டு காலாண்டு இதழாக மறுபடி வந்தது.

எங்களுடையது அதைவிட மிகச் சிறியது. மாதச் சந்தா கட்டுகிறவர்கள் தருவதில் என் பாதி நாள் ஓடுகிறது. மீதிப் பாதிக்கு மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம் செய்கிறேன். மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், வெளியே தெரியாத சோர்வு இதில் நிறைய உண்டு.

தலைப்பைப் பற்றி ஒன்று. "பார்த்தால் அழுதுவிடுவீர்கள்", "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" இரண்டும் எங்களிடம் தடை. முதலாவது வாசகருக்குக் கட்டளை போடுகிறது. இரண்டாவது, மற்றவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லாமல் சொல்கிறது.

முதலாண்டு (பதிவு 12)

//31 பேர் கடிதம் எழுதினார்கள்//

இது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது அக்கா. அப்புறம், பொய்யான நல்ல செய்திகளும் வருகின்றனவே, எப்படிச் சரிபார்ப்பீர்கள்? யாராவது நல்லது செய்தேன் என்று சொன்னால் சந்தேகப்படக் கூச்சமாக இருக்கிறது.

விடிவெள்ளி (பதிவு 13)

அந்தக் கூச்சம்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி.

2017-இல் அமெரிக்காவில் ஒரு கதை. சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்ற பெண்ணுக்கு, வீடற்ற ஒருவர் தன்னிடம் இருந்த கடைசி 20 டாலரைக் கொடுத்தார், கைம்மாறாக அவருக்கு அந்தப் பெண்ணும் அவர் காதலரும் நிதி திரட்டுகிறார்கள் என்று. பெரிய ஊடகங்கள் எல்லாம் போட்டன. 14,000 பேருக்கு மேல் சேர்ந்து 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு தெரிந்தது, மூவரும் சேர்ந்து சொன்ன கட்டுக்கதை அது. மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், பணத்தைக் கொடுத்தவர்களுக்கு அது திருப்பித் தரப்பட்டது. ஒரு கொலைச் செய்திக்கு மூன்று இடத்தில் கேட்டு உறுதி செய்யும் செய்திப் பிரிவு, இதற்கு யாரையும் கேட்கவில்லை. நெகிழ்ச்சி வந்ததும் பேனா மூடி கழன்றுவிடுகிறது.

நான் செய்வது இவ்வளவுதான். கொடுத்தவர், பெற்றவர் இருவரையும் தனித்தனியாகப் பார்ப்பேன். இருவருக்கும் வேண்டியவராக இல்லாத, ஆனால் அங்கே இருந்த மூன்றாம் ஆள் ஒருவரைத் தேடுவேன். பணம் வந்திருந்தால் ரசீது, கணக்கு. அப்புறம் ஆறு மாதம் கழித்துக் கட்டாயம் ஒரு போன். அந்த ஆறு மாதப் போனில்தான் முக்கியமான விஷயங்கள் தெரிந்திருக்கின்றன. ஒரு தெருவே சேர்ந்து கட்டிக்கொடுத்த சாய்வுப் பாதையை ஆறு மாதத்தில் ஒரு வண்டி வந்து அடைத்துக்கொண்டு நின்றது. சக்கர நாற்காலியில் இருந்தவர் மறுபடி வீட்டுக்குள்ளேயே இருந்தார். அதையும் எழுதினேன். வண்டி நகர்ந்தது.

2013-இல் தொடங்கிய சொல்யூஷன்ஸ் ஜர்னலிசம் நெட்வொர்க் என்ற அமைப்பு, தீர்வைப் பற்றிய செய்தியில் நான்கு இருக்க வேண்டும் என்கிறது: பிரச்சினைக்கு என்ன செய்தார்கள், அதிலிருந்து மற்றவர்கள் எதைக் கற்கலாம், பலன் தந்ததற்கு என்ன சான்று, எங்கே அது போதவில்லை. நான்காவதை விட்டால் அது விளம்பரம். கினிப்புழுவையே எடுத்துக்கொள், மனிதர்களிடம் இத்தனை குறைந்தும், நாய்களிடம் அது இன்னும் இருப்பதால் முழுதாக ஒழியவில்லை. அதைச் சொல்லாமல் "வெற்றி" என்று எழுதினால் களத்தில் இருப்பவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள். உன் கட்டுரையை எடுத்து இந்த நான்கையும் கேட்டுப் பார்.

சாளரம் (பதிவு 14)

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கிறேன். செய்தி பார்ப்பதை விட்டுவிட்டேன். நல்ல செய்தி பார் என்று எல்லோரும் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. அவர்கள் எல்லாம் எவ்வளவோ செய்கிறார்கள், நான் படுக்கையை விட்டு எழக்கூட முடியாமல் கிடக்கிறேன் என்று தோன்றும். உங்களைக் குறை சொல்லவில்லை.

விடிவெள்ளி (பதிவு 15)

எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். நல்ல செய்தி மருந்து இல்லை. அதை மருந்தாக யார் அனுப்பினாலும், திறக்காமல் விட உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் எடுக்கும் சிகிச்சைதான் மருந்து.

செய்தியை விட்டதற்கும் வருந்த வேண்டாம். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த வாரத்தில் நாளுக்கு 6 மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. தள்ளி நிற்பதும் ஒரு பாதுகாப்புதான்.

இன்னொன்று, விருப்பம் இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அன்பைப் பற்றிப் பேச என்னைச் சில இடங்களுக்குக் கூப்பிடுவார்கள். பெரிய செயல்கள் எதையும் நான் அங்கே சொல்வதில்லை. உங்களுக்கு யாரோ செய்த ஒரு சின்ன நல்லதை எழுதி அவருக்கே அனுப்புங்கள் என்று மட்டும் கேட்பேன். கூச்சமாக இருக்கும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் 2018-இல் இதையே சோதித்திருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று அதிகமாக நினைத்தார்கள். எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைவாக நினைத்தார்கள். பின்னர் சிகாகோவில் ஒரு பனிச்சறுக்குத் திடலில், சூடான சாக்லேட் பானத்தை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கவைத்துப் பார்த்தார்கள். அதிலும் அப்படித்தான், கொடுத்தவர் நினைத்ததைவிடப் பெற்றவருக்கு அது பெரிதாக இருந்தது.

இந்த இழையில் நீங்கள் எழுதிய ஆறேழு வரியும் அப்படித்தான். இதே நிலையில் இருக்கும் யாரோ ஒருவர் அதை வாசிப்பார்.

இரவுப்பணி (பதிவு 16)

சாளரம், ஏற்கனவே ஒருவர் வாசித்துவிட்டார். தனிமடல் அனுப்பியிருக்கிறேன். பதில் போட அவசரமே இல்லை.

பழைய நிருபர் (பதிவு 17)

திரும்பி வந்திருக்கிறேன். சகோதரி, என் மறுப்பில் பாதியை விலக்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. நீங்கள் செய்வதுபோல் எல்லோரும் செய்தால் எனக்குப் பேச்சே இல்லை. பெரும்பாலோர் செய்வதில்லை.

நேற்று பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 1990-களில் ஒரு வெள்ளம். அரசு என்ன செய்யத் தவறியது என்று ஆறு நாள் தொடர் எழுதினேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் நோட்டில், அச்சில் வராத ஒரு வரி இருக்கிறது: "மாடி வீட்டுக்காரர், 60 பேர், 4 நாள், கதவைப் பூட்டவில்லை." அவ்வளவுதான் எழுதி வைத்திருக்கிறேன். யார் அவர், எந்தத் தெரு, எதுவும் இல்லை. அன்று எழுதியிருந்தால், அடுத்த வெள்ளத்துக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்றாவது மக்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது ஆண்டு கழித்து அது எனக்கு உறுத்துகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் பிறகு எப்போதாவது பேசினீர்களா? நீங்கள் ஆறு மாதப் போன் போடுகிறவராயிற்றே.

விடிவெள்ளி (பதிவு 18)

ஐயா, அந்த வரியை நீங்கள் எழுதி வைத்திருந்ததே பெரிது. முடிந்தால் அதையே ஒரு தனி இழையாகப் போடுங்கள். வெள்ளத்தின் ஆண்டையும் பகுதியையும் மட்டும் சொன்னால் போதும், அந்த மாடியில் இருந்த 60 பேரில் யாராவது வாசிக்கக்கூடும்.

பேசினேன். ஆறு மாதத்தில் ஒருமுறை, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறையாவது. இந்த இழை தொடங்கும் முன்பும் கேட்டேன். பெயரும் ஊரும் இல்லாமல் என்ன வேண்டுமானாலும் சொல் என்றார்.

அந்தக் கட்டுரை அவருக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. நான் எழுதாத ஒன்றுதான் அவருக்கு நினைவிருக்கிறது. பையன் "வண்டி வந்துவிட்டதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். வரவில்லை, வருமா என்றே அவருக்குத் தெரியவில்லை. "அதோ அந்த முனையில் திரும்புகிறது, விளக்குத் தெரிகிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். 40 நிமிடமும் அதையே சொன்னாராம். அவன் நம்பினானா, அல்லது அவருக்காக நம்புவதுபோல் இருந்தானா என்று இன்றும் அவர் என்னிடம் கேட்கிறார்.